கணக்கு டீச்சர் போட்ட சிங்கப்பூர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதெல்லாம் சனிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். நாங்கள் மூன்று பேர் ஓட மாட்டோம். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தோம். அந்த ஸ்பெஷல் கிளாஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு டீக்கடையில் நடந்தது.

டீக்கடை என்று நாங்கள்தான் சொல்வோம். வெளியே போர்டில் கஃபே என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர்கள் வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து டைரி எழுதும் இடம். உள்ளூர்க்காரர்கள் அதிகம் வர மாட்டார்கள். தெரிந்தவர் யாரும் பார்த்துவிட மாட்டார்கள் என்பதே எங்களுக்கு அதில் பெரிய வசதி. ஆளுக்கு ஒரு எலுமிச்சை டீ சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

மூன்று பேரில் மூத்தவர் கணக்கு டீச்சர். எங்களைவிட ஆறேழு வயது பெரியவர். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். நானும் தையல் டீச்சரும் எண்பத்தொன்பதில், புது மாவட்டம் பிரிந்த வருடம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்றைக்கு யாரும் எங்களிடம் பேசவில்லை. அக்காதான் வந்து, தன் கையால் கோடு போட்டு எழுதிய டைம்டேபிள் இரண்டை நீட்டினார். "ஆபீஸ்ல குடுக்கற டைம்டேபிள் தப்பும் தவறுமா இருக்கும். இத வச்சிக்கோங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆபீஸ் கொடுத்ததில் எனக்குப் புதன்கிழமை மூன்றாவது பீரியடில் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் இருந்தன.

தையல் டீச்சர் என் வயதுக்காரி. அவளுடைய குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேரடித் தெருவில் துணிக்கடை வைத்திருந்தது. வாய் ஓயாமல் பேசுவாள். கை அதற்குள் ஏதாவது ஒரு கைக்குட்டையில் பூப்போட்டுக்கொண்டிருக்கும். நான் வரலாறும் புவியியலும் எடுத்தேன். உலகப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து, மலாக்கா ஜலசந்தியைக் கம்பால் தொட்டுக் காட்டுகிற நான், சென்னையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

"இந்த ஊருக்கு உலகமே வருது. நாம சென்னைய தாண்டல" என்று ஒரு சனிக்கிழமை தையல் டீச்சர் சொன்னாள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காலை மடித்துப் போட்டுச் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தாள்.

அப்படி ஆரம்பித்த பேச்சு பல வருடங்கள் வெறும் பேச்சாகவே ஓடியது. எந்த ஊருக்குப் போகலாம் என்று வாரம் ஒரு ஊர் சொல்வோம். நான் பாரீஸ் என்பேன். "குளிரும்" என்பார் அக்கா. தையல் டீச்சர் கெய்ரோ என்பாள். "லீவு பத்தாது" என்பார் அக்கா. அவர் எல்லா ஊரையும் அடித்துவிடுவதைப் பார்த்து, அவருக்கு ஆசையே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து இரண்டில், மார்கழி பிறந்த சமயம் என்று நினைக்கிறேன், அந்தக் கடைக்கு வருடா வருடம் வரும் ஒரு வயதான ஜெர்மன்காரம்மா எங்கள் பேச்சைக் கேட்டு என்ன விஷயம் என்று விசாரித்தார். தையல் டீச்சர் தன் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா பக்கத்தில் தான் தங்கியிருந்த அறைக்குப் போய், நாலாக மடித்த ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். சிங்கப்பூர். நாலைந்து வருடங்களுக்கு முன்னால் இங்கே வந்திருந்தபோது அங்கேயும் போய் மூன்று நாள் தங்கினாராம். மூன்று நாள் போதும், பத்திரமான ஊர், பெண்கள் தனியாக நடக்கலாம் என்றார். வரைபடத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா அதன்மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. எலுமிச்சை டீ ஆறிப்போனது. கடைசியில் தலையைத் தூக்கி, "மே மாசம் போலாம். மூணு ராத்திரி, நாலு பகல்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

தையல் டீச்சருக்குப் பெரியப்பா மகன் ஒருவர் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருந்தார். அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள்.

"அங்க போய் அண்ணி கூட நின்னு வெங்காயம் உரிக்கவா?" என்றாள் தையல் டீச்சர்.

"ஓட்டல்லதான் தங்கணும். மூணு நாளைக்கு ஒருத்தருக்கும் சோறு போடக்கூடாது" என்றார் அக்கா. "நமக்கு நாமளே கூடப் போட்டுக்கக்கூடாது."

பயணத்துக்கு என்ன காரணம் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்களுக்குள் பேசிக்கொண்ட காரணம் இதுதான். வெளியே சொல்ல முடியாததால் சுற்றிப் பார்க்க என்று சொன்னோம்.

அடுத்த சனிக்கிழமை அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பக்கத்துக்கு நாலு கட்டம். நேரம், இடம், எப்படிப் போவது, எதைக் கவனித்துப் பார்ப்பது. ரயில் பாதைகளைச் சிவப்பிலும் பச்சையிலும் வரைந்திருந்தார். பெரிய தெருவில் புதிதாக வந்திருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய், பூங்காக்கள் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை அச்செடுத்து ஒட்டியிருந்தார். தையல் டீச்சரின் அண்ணனுக்குக் கேள்விகள் எழுதிக் கடிதம் போட்டார். ரயில் நிலையத்தில் தண்ணீர் குடிக்கலாமா, தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் விளக்கு எரியும், செருப்பு தைக்கிறவர்கள் எங்கே இருப்பார்கள். பாவம், அந்த மனிதர் ஒன்றையும் விடாமல் பதில் எழுதினார்.

வீடுகளில் சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. அக்காவின் கணவர் தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "போய்ட்டு வா, எனக்குச் சமைக்கத் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தையல் டீச்சரின் மாமியார் தடை சொல்வார் என்று நான் பயந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். அவர் வீட்டு ஆட்கள் பாதிப் பேர் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள். பாஸ்போர்ட் அவர்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி. "அத்தர் பாட்டில் ஒண்ணு வாங்கியா" என்று மட்டும் சொன்னாராம்.

சிக்கல் என் வீட்டில்தான். என் கணவர் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தார். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. நான் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"துணைக்கு யார் வர்றாங்க?"

"நாங்க மூணு பேரும்தான்."

"அதான் கேக்கறேன். துணைக்கு யாரு?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு ரேஷன் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் தேவைப்பட்டபோது, பீரோ சாவி எங்கே என்று தெரியவில்லை என்றார். மூன்று நாள் தெரியவில்லை. நாலாம் நாள், பத்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், அப்பாவின் சட்டைப் பையிலிருந்தே அதை எடுத்து எனக்குக் கொடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த மௌனம் எனக்குச் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய், நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா நோட்டைக் காட்டினார். "எல்லாம் மூணு பேருக்குப் போட்டிருக்குது. ரெண்டு பேருக்கு மாத்தினா அடிச்சுத் திருத்தணும். எனக்கு அடிச்சுத் திருத்தறது புடிக்காது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். தலைமையாசிரியை எங்கள் மூன்று மனுவையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"கருத்தரங்கமா?"

"இல்லீங்க மேடம்."

"பிள்ளைங்க யாராவது அங்க இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"பாக்கறதுக்கு" என்றார் அக்கா.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "அடுத்த தடவை போனா எங்கிட்டயும் சொல்லுங்க" என்றார். அது கிண்டலா, நிஜமா என்று அப்புறம் வெகுநேரம் விவாதித்தோம்.

போலீஸ் விசாரணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு ஏட்டு ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் போலீஸ் சைக்கிள் நின்றால் போதும். எதிர்வீட்டு அம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர். நான் உள்ளே சமையலறைக் கதவருகே நின்றேன். என் கணவர் நாற்காலி எடுத்துப்போட்டார்.

ஏட்டு காகிதத்தைப் படித்தார். பெயர், வயது, எத்தனை வருடமாக இந்த வீடு என்று கேட்டார். பிறகு சத்தமாக, "சிங்கப்பூருக்கு இன்னா விசயமா போறாங்க உங்க வீட்டம்மா? வேலைக்கா?" என்றார்.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"சும்மா பாக்கத்தாங்க போறாங்க" என்றார். "ஜாகிரபி டீச்சரு. பாடத்துல இருக்கற ஊரப் போய்ப் பாத்துட்டு வர்றாங்க. ஏன், பாக்கக்கூடாதா?"

"அதுக்கில்லீங்க. தனியா போறாங்களேன்னு…"

"தனியா யாரு போறாங்க? மூணு டீச்சருங்க சேர்ந்து போறாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் துணை."

எதிர்வீட்டு அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதனா அங்கேர்ந்து வேணுமாங்க?" என்று கேட்டார். அந்த அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏட்டுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரே போய் நின்றேன். "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். மறுவாரம் தன் ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கி, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் அப்படி ஒரு பெட்டி கிடையாது. என் மகள் அதை வீட்டுக்குள்ளேயே உருட்டி உருட்டித் தரையைக் கெடுத்தாள்.

பாஸ்போர்ட் மூன்றும் வந்துவிட்டன. டிக்கெட் போட்டாயிற்று. அப்போதுதான் அந்தக் காய்ச்சல். சீனாவில் கிளம்பி, ஹாங்காங் வந்து, சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஜனங்கள் நடக்கும் படத்தைக் காட்டினார்கள். ஏப்ரலில் தையல் டீச்சரின் அண்ணனே போன் செய்து, இப்போது வராதீர்கள் என்றார். டிக்கெட்டை ரத்து செய்தோம். அந்த மே மாதம் முழுக்க அக்கினி நட்சத்திரத்தில் வீட்டுக்குள் கிடந்தோம். கஃபேகூடச் சீசன் இல்லாமல் மூடியிருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை, அக்கா அதே நோட்டை எடுத்து வைத்தார். அட்டையில் 2003 என்று இருந்ததன் பக்கத்தில் மூன்றை அடிக்காமல், ஒரு கோடு இழுத்து 2004 என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வருடம்தான் எனக்கு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. வாராவாரம் சிங்கப்பூரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு பேசுவோம். அக்கா தன் வீட்டுக் கூடத்தில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டி, இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடவிட்டார். "இப்ப அங்க மணி நாலு. வெயில் இறங்கியிருக்கும்" என்று டீ குடித்துக்கொண்டே சொல்வார். தையல் டீச்சர் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி துணிப்பை தைத்தாள், உள்ளே பாஸ்போர்ட் வைக்க ரகசியப் பை வைத்து. நான் ஸ்டாஃப் ரூமில் ஓசைப்படாமல் ஆங்கிலத்தில் வழி கேட்டுப் பழகினேன். செருப்புப் போட்டுக்கொண்டு நிறைய நடக்க வேண்டும் என்று அக்கா சொன்னதால், சாயங்காலங்களில் மாட வீதியை மூன்று பேரும் சேர்ந்து சுற்றினோம். சாமி கும்பிடத்தான் சுற்றுகிறோம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மறுபடி டிக்கெட் போட்டோம். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது சித்ரா பௌர்ணமி வந்தது. அக்கா வருடம் தவறாமல் மலை சுற்றுகிறவர். கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம் என்று மத்தியானமே கிளம்பிப் போனார். அடி அண்ணாமலை கிட்டே, தண்ணீர் லாரி நின்று சேறாகிக் கிடந்த இடத்தில் வெறுங்காலோடு வழுக்கி விழுந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டு எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் கட்டு.

நாங்கள் போய்ப் பார்த்தபோது முழங்கால் வரை மாவுக்கட்டு. தலையணைமேல் காலைத் தூக்கி வைத்திருந்தார். தையல் டீச்சர் அழுதுவிட்டாள்.

"அடுத்த வருசம் போலாம்கா" என்றேன்.

"போன வருசமும் இதத்தான் சொன்னோம்" என்றார் அக்கா. "நீங்க ரெண்டு பேரும் போங்க."

"நீங்க இல்லாம எப்டிக்கா?"

"அடுத்த வருசம்னா அடுத்த வருசம் இன்னொண்ணு வரும். அவளுக்குப் பொண்ணு கல்யாணம், உனக்குப் பொண்ணு காலேஜு. போங்கடி. நான் போட்டது சரியா வருதான்னு யாராச்சும் போய்ப் பாக்கணும்ல?"

நோட்டை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கணவர் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை.

ஆக, நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். விடியும் நேரத்தில் இறங்கினோம். தையல் டீச்சரின் அண்ணன் விமான நிலையத்துக்கே வந்து ஓட்டலில் விட்டார். ஓட்டல் விஷயத்தில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் காலை, நோட்டில் எழுதியிருந்தபடி சிங்கத் தலையும் மீன் உடம்பும் கொண்ட சிலையைப் பார்க்க வேண்டும். ரயிலில் போனோம். ஏறும் இடம், இறங்கும் இடம், எந்த வாசல் வழியாக வெளியே வருவது, எல்லாம் அப்படியே இருந்தது. வலது பக்கம் தூண் தூணாக ஒரு பெரிய பழைய கட்டடம் வரும் என்று எழுதியிருந்தார். வந்தது. இரும்புப் பாலம் வரும் என்று எழுதியிருந்தார். வந்தது. ஆறு கடலில் சேரும் இடம் வந்தது. சிலை வரவில்லை.

அங்கேயும் இங்கேயும் நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. தையல் டீச்சர் கைப்பேசியை எடுத்து அக்கா வீட்டுக்குப் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார். போனைக் கட்டிலிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"அக்கா, சிலையக் காணோம்."

"எங்க நிக்கறீங்க?"

"பாலத்துகிட்ட."

"எந்தப் பாலம்? இரும்புப் பாலமா, அதுக்கு அடுத்ததா?"

"அடுத்தது."

"அப்ப உங்களுக்கு நேர் முன்னாடி இருக்கணுமே. ஆத்த பாத்து நில்லுங்க. வலது கைப் பக்கம் பாருங்க."

"பாத்தாச்சுக்கா. இல்ல."

"அதெப்டிடி இல்லாம போகும்? எழுபதடி எண்பதடின்னு சொல்லல, ஆனா ரெண்டு மாடி ஒசரமாச்சும் இருக்கும். கல்லுல செஞ்சது. நகருமா?"

பக்கத்தில் தெருக்கூட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "சிங்கமா? அத ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தூக்கி அந்தாண்ட வச்சுட்டாங்கம்மா. பெரிய பாலம் கட்டுனதுல மறைச்சுக்கிச்சுன்னு" என்று கையைக் காட்டினார். ஜெர்மன்காரம்மாவின் வரைபடம் பழசு. சிலையைத் தூக்கி வைத்ததை அது அறியவில்லை.

தையல் டீச்சர் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப்போட்ட காலோடு அவர் அப்படிச் சிரிப்பதைக் கேட்டு எங்களுக்கும் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில், கைப்பையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"சரி, அந்தாண்ட போய்ப் பாருங்க" என்றார் கடைசியில். "எவ்வளவு தூரம் நகத்தியிருக்காங்கன்னு அடி எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

எண்ணினோம். இருநூற்றுச் சொச்சம். சரியான எண் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் நாலைந்து தடவை போன் செய்தோம். பூங்காவில் எந்த வாசல் என்று கேட்போம். "பின்னாடி வாசல்ல போங்க, நடை கம்மி" என்பார். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காத ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு வழி சொல்ல, நாங்கள் அங்கே நின்றுகொண்டு அதைக் கேட்டு நடந்தோம். சிலை ஒன்றைத் தவிர, எதுவும் தப்பாகவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மட்டும் நோட்டு உதவவில்லை. சைனா டவுனில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கடைகளின் முன்னே தூண் வைத்த நடைபாதைக்குள் ஓடி ஒதுங்கினோம். அங்கே ஒரு சீனக் கிழவி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முக்காலியை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார். தையல் டீச்சர் தன் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தாள். அதில் அவள் போட்ட நீலப் பூ. கிழவி அதைத் தொட்டுப் பார்த்து, ஊசி குத்துவது போல் விரலை ஆட்டிக் காட்டி, நீயா என்பது போல் புருவத்தைத் தூக்கினார். இவள் தலையாட்டினாள். கிழவி துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தையல் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தையல் டீச்சர் அதை அவருக்கே கொடுத்துவிட்டாள். அவர் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. மழை விடும்வரை மூன்று பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அக்கா வீட்டுக்குப் போனோம். கைப்பையில் பிஸ்கட், ஒரு சின்னச் சிங்க பொம்மை. அக்கா பொம்மையை வாங்கித் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவர் நடுநடுவே திருத்தினார். "அது ரெண்டாம் நாள் காலை இல்ல, மத்தியானம்." "அந்த ஸ்டேஷன்ல ஏறியிருக்க மாட்டீங்க, மாறித்தான் இருப்பீங்க." அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "நோட்டுல இல்லாதது இன்னா பாத்தீங்க?"

மழையையும் கிழவியையும் சொன்னேன். இந்த முறை அவர் குறுக்கே பேசவில்லை.

"எத்தினி மணிக்கு மழ வந்தது?"

"மூணு இருக்கும்கா."

"விட்டது?"

"மூணே முக்கால்."

நோட்டைத் திருப்பி வாங்கி, மூன்றாம் நாள் பக்கத்தைப் பிரித்து, கட்டங்களுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினார். 3.00 – 3.45. மழை. நிற்பது.

நாலு வருடம் கழித்து அக்கா ஓய்வு பெற்றார். கால் நன்றாகிவிட்டது, சேறு கண்டால் மட்டும் சுற்றிப் போவார். பிரிவுபசார விழா முடிந்த மறுநாளே தையல் டீச்சரும் நானும் அவர் வீட்டுக்குப் போய், இந்த மே மாதம் மூன்று பேரும் சிங்கப்பூர் போகலாம், உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையாவது விழட்டும் என்றோம்.

"சிங்கப்பூரா?" என்றார் அக்கா. முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அது பாத்தாச்சேடி. பாத்த ஊருக்கே மறுபடி எதுக்கு? வேற ஊர் சொல்லுங்க."

தையல் டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் கொழும்பு என்றேன். அக்கா எழுந்து போய், அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து வந்து கோடு போட ஆரம்பித்தார். அந்த வருடம் தையல் டீச்சர் மகளுக்குக் கல்யாணம், அடுத்த வருடம் அக்கா கணவருக்குக் கண் ஆபரேஷன், அதற்கடுத்து எனக்கு மாவட்டத்தின் அந்தக் கோடியில் தலைமையாசிரியை வேலை. நாங்கள் இன்னும் கொழும்பு போகவில்லை. நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது, கடற்கரை ஓரமாகப் போகும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று சொன்னார்.